கார்டு இயந்திரத்தைத் திறந்ததும் அது ஏன் செத்துப்போகிறது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கார்டு இயந்திரத்தில் சார்ஜ் நிற்கவில்லை என்று பக்கத்துத் தெருவில் மொபைல் பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொடுத்தீர்கள். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு நான்கு திருகுகளைக் கழற்றி, உள்ளே பார்த்து, பேட்டரியை மாற்றி, திரும்ப மூடினார். அதன் பிறகு திரையில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும்தான் நிற்கிறது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. அணைத்து வைத்த பெட்டிக்குத் தன்னைத் திறந்தது எப்படித் தெரிந்தது, இது புதியதை வாங்கவைக்கும் தந்திரமா, இவ்வளவு கெட்டிக்காரத்தனம் சிப்பில் இருந்தால் ஏடிஎம் அட்டையின் சிப்பையும் யாராலும் உடைக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கடையில் இருக்கும் பொருள் என்னையே திருடனாகப் பார்க்கலாமா என்ற வருத்தம்தான் இத்தனைக்கும் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த வருத்தத்துக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். சிறு சாதனங்களுக்கு மின்சுற்றுப் பலகை வடிவமைப்பதும் அவற்றின் சிப்களுக்கு நிரல் எழுதுவதும் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். அதில் ஆறு ஆண்டுகள் பணம் செலுத்தும் இயந்திரங்களோடு கழிந்தன. உங்கள் இயந்திரத்தை நான் பார்க்கவில்லை, எந்த மாடல் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே உள்ளே எந்தக் காவல் முதலில் விழித்துக்கொண்டது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பின் எண் தட்டும் இயந்திரங்களுக்குச் சர்வதேச அட்டை நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. அதனால் எந்த நிறுவனம் செய்தாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்த இயந்திரம் உண்மையில் அணைவதே இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்தி அணைப்பது திரையையும் பிரதான வேலையையும்தான். பலகையில் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற மூன்று வோல்ட் பட்டன் செல் ஒன்று தனியாக இருக்கும். பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் அந்தச் செல் பாதுகாப்புச் சிப்பின் ஒரு மூலையை மட்டும் உயிரோடு வைத்திருக்கும். அந்த மூலையில் இருப்பது மிகச் சிறிய நினைவகம். வாடிக்கையாளர் தட்டும் பின் எண்ணை வங்கிக்கு அனுப்பும் முன் மறையாக்கம் செய்யும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும், 'சாவி' என்ற ரகசிய எண் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அழிந்துவிடும் வகை நினைவகத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அழிப்பது எளிதாக இருக்க வேண்டும் என்பதே காரணம்.

இனி, திறந்தது எப்படித் தெரிகிறது என்பது. டிவி ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ரப்பர் பொத்தானின் அடியில் இருக்கும் கறுப்பு வட்டம் நினைவிருக்கும். அது பலகையில் படும்போது மின்னோட்டம் பாயும். கார்டு இயந்திரத்திலும் அதே கறுப்பு வட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அவை விரல் அழுத்துவதற்கானவை அல்ல. மேலோட்டை மூடித் திருகை இறுக்கும்போது ஓடே அவற்றைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. திருகு தளர்ந்து ஓடு மயிரிழை அளவு தூக்கினாலும் தொடர்பு அறுந்துவிடும். ஊசி வழியாக மின்கடத்தும் பசையைச் செலுத்தி அந்தத் தொடர்பைப் போலியாக நிலைநிறுத்தலாமே என்று ஒருவர் நினைக்கக்கூடும். அதற்காக ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி இன்னொரு வளையம் போட்டிருப்பார்கள். பசை அந்த வளையத்தைத் தொட்டாலும் காவல் விழித்துக்கொள்ளும்.

அட்டை நுழையும் பகுதியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று மடித்து ஒட்டப்பட்டிருக்கும். செத்துப்போன ஓர் இயந்திரத்திலிருந்து உரித்தெடுத்த படலம் என் மேசையில் இப்போதும் கிடக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கை எடுக்காமல் ஒரே இழையில் போட்ட சிக்குக் கோலம் போலவே இருக்கும். தலைமுடியைப் போல மெல்லிய செப்புக் கோடுகள் வளைந்து வளைந்து படலம் முழுவதையும் நிரப்பியிருக்கும். துளைப்பான் எங்கே இறங்கினாலும் ஒரு கோடாவது அறும், அல்லது அடுத்தடுத்த இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். கோடு அறுந்திருக்கிறதா என்று மட்டும் சிப் பார்ப்பதில்லை. ஒரு முனையில் தாறுமாறாக மாறிக்கொண்டே இருக்கும் துடிப்புகளை அனுப்பி, மறுமுனையில் அதே துடிப்புகள் வந்து சேர்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து நிலையான மின்னழுத்தம் கொடுத்து அதை ஏமாற்ற முடியாது.

இந்தக் காவல்களில் ஏதாவது ஒன்று விழித்துக்கொண்டால், கண் இமைப்பதற்குள் சாவி அழிந்துவிடும். நிரல் அழியாது, திரை ஒளிரும், அச்சிடும் பகுதி நன்றாகவே இருக்கும். ஆனால் சாவி இல்லாமல் வங்கியோடு பேச முடியாது. அந்தச் சாவியை ஏற்றும் அறையை நான் பார்த்திருக்கிறேன். மூலச் சாவியின் இரண்டு பகுதிகளை இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இருந்து, ஒருவர் பகுதியை மற்றவர் பார்க்காமல் உள்ளிட்டால்தான் முழுச் சாவி உருவாகும். தெருமுனைக் கடையில் அதைச் செய்ய வழியே இல்லை.

ஆகவே தந்திரமா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டாகப் பிரிகிறது. சாவி அழிவது தந்திரம் அல்ல, இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அதற்காக இயந்திரத்தையே தூக்கி எறிய வேண்டும் என்பது அவ்வளவு உறுதியான வாதம் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சோதித்து, மூடி, சாவியை மறுபடி ஏற்றுவது தொழில்நுட்ப ரீதியில் முடியக்கூடிய வேலை. அதைச் செய்து தருகிறார்களா, என்ன கட்டணம் வாங்குகிறார்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதில் வியாபாரக் கணக்கும் கலந்திருக்கலாம். அதைவிட எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. இயந்திரத்தைக் கடையில் கொண்டுவந்து வைப்பவர், 'பின்புறத்துப் பேட்டரி மூடியைக் கழற்றலாம், இந்தத் திருகுகளைத் தொடக்கூடாது' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் பழுதுபார்ப்பவரைத் திருடனின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததுதான். சிப்புக்குக் கைகளை வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாது. உரிமையாளர் கை, மெக்கானிக் கை, கள்ளன் கை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

யாரும் திறக்காமலேயே இப்படி ஆவதும் உண்டு. பட்டன் செல் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். தீர்ந்த கணத்தில் சாவியும் போய்விடும். ராயபுரம், காசிமேடு பக்கக் கடைகளில் உப்புக் காற்று செல்லின் பிடிகளை அரித்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, திருவொற்றியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா தன் இயந்திரத்தைத் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டு என்னை அழைத்தார். திரை ஒளிர்ந்தது, ஆனால் உங்கள் திரையில் நிற்கும் அதே வகை எச்சரிக்கை. தண்ணீர் கோடுகளுக்கு இடையில் மின்னோட்டத்தைக் கசியவிட்டால் சிப்புக்குத் துளைப்பானும் தண்ணீரும் ஒன்றுதான். அன்று என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

இவ்வளவு கடுமை எதற்கு? உங்கள் கடைக்கு ஆடி மாதத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரத்துக்குள் ஒரு சிறு ஒட்டுக்கேட்கும் பலகையை வைத்துவிட்டால் அத்தனை பேரின் அட்டை விவரமும் பின் எண்ணும் ஒருவன் கைக்குப் போகும். உங்கள் பெயரும் கெடும். இது வெறும் கற்பனை அல்ல. 2008-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார் டிரிமர், ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் மூவரும் பிரிட்டனில் அப்போது பரவலாகப் புழங்கிய இரண்டு வகை இயந்திரங்களை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டுமே பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றவை. ஒன்றில் பின்பக்க அறையில் இருந்த சிறு துளை வழியாக வளைத்த காகிதக் கவ்வியை நுழைத்தார்கள், இன்னொன்றில் சிறு துளையிட்டு ஊசியை இறக்கினார்கள். இரண்டிலும் அட்டைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான தகவல் கம்பியைத் தொட்டுவிட்டார்கள். காவல் விழிக்கவே இல்லை. கோலம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காக்க வேண்டிய கம்பியைச் சுற்றி அது போடப்படவில்லை. சான்றிதழ் இருக்கிறது என்றாலே நிம்மதி என்று நினைப்பவர்களிடம் இந்த நிகழ்வை நான் தவறாமல் சொல்வேன்.

எல்லாப் பெட்டிக்கும் இதே வழி பொருந்தாது. காசிமேடு துறைமுகத்தில் விடியும் முன் நடக்கும் மீன் ஏலத்தில் மின்னணுத் தராசுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சட்டமுறை எடையளவுத் துறை கம்பி கோத்து முத்திரை வைக்கிறது. அந்த முத்திரை யாரையும் தடுக்காது, இடுக்கியால் அறுத்துவிடலாம். அறுத்தது தெரியும் என்பது மட்டுமே அதன் பலன். அதுவும் யாராவது குனிந்து பார்த்தால்தான். தராசில் அழிப்பதற்கு ரகசியம் எதுவும் இல்லை, காக்க வேண்டியது அது காட்டும் எண்ணின் உண்மையை. திறந்ததும் செத்துவிடு என்று அதற்குச் சொன்னால், ஐஸ் கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஏலம் நின்றுபோகும். 2017 ஏப்ரலில் லக்னோவில் பெட்ரோல் நிலையங்களில் சோதனை நடத்திய உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை, எரிபொருள் ஊற்றும் இயந்திரங்களுக்குள் ரிமோட்டால் இயங்கும் சிப்களைக் கண்டெடுத்தது. அங்கேயும் யாரும் எந்தச் சாவியையும் திருடவில்லை. அளக்கும் பகுதிக்கும் கணக்கிடும் பகுதிக்கும் நடுவில் புகுந்து எண்ணைத் திரித்தார்கள்.

இப்போது ஏடிஎம் அட்டைக்கு வருகிறேன். கார்டு இயந்திரத்தைவிட அட்டையின் நிலைமை கடினமானது. அதில் பேட்டரி இல்லை, படலம் இல்லை. தொலைந்த அட்டை ஒருவன் மேசைமீது மாதக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடக்கும். அவன் எப்போது மின்சாரம் கொடுக்கிறானோ அப்போதுதான் அதற்கு உயிர். எதிரியின் கையிலேயே இருந்துகொண்டு எதிரியிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் அட்டையின் தங்க நிறச் சதுரத்தைப் பாருங்கள், சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். வலது வரிசையில் மேலிருந்து இரண்டாவது கட்டம், பழைய தலைமுறை அட்டைகளில் நினைவகத்தில் எழுதுவதற்கான மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கும் இடம். கட்டணத் தொலைக்காட்சி அட்டை வைத்திருந்த சிலர் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார்கள். சந்தாவை ரத்துசெய்யும் கட்டளை வந்தாலும் அட்டையால் அதை எழுதிவைக்க முடியவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் எழுதும் மின்னழுத்தத்தைச் சிப்புக்குள்ளேயே உருவாக்கும் முறை வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. தவறான பின் எண் வந்தால் சிப் முதலில் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு 'இன்னும் இரண்டு வாய்ப்பு' என்று எழுதிவைக்கும். எழுதும்போது அதிக மின்னோட்டம் இழுக்கும். அந்த ஏற்றத்தைக் கண்ட நொடியில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் வாய்ப்பு குறையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். தீர்வு மிக எளியது: முதலில் வாய்ப்பைக் குறைத்து எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடு, சரியாக இருந்தால் திரும்பக் கூட்டிக்கொள். இரண்டு வரிகளின் இடத்தை மாற்றுவதுதான். என்னிடம் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே காட்டுவது இந்த இரண்டு வரிகளைத்தான்.

மின்னோட்டம் பேசும் என்பதை 1999-இல் பால் காக்கரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையாகவே வகுத்துக் காட்டினார்கள். சிப் ஒரு சாவியைக் கொண்டு கணக்கிடும்போது, இழுக்கும் மின்னோட்டம் உள்ளே இருக்கும் பூஜ்ஜியங்களையும் ஒன்றுகளையும் சார்ந்து மிகச் சிறிய அளவில் கூடிக் குறைகிறது. ஆயிரக்கணக்கான முறை அளந்து புள்ளியியல் முறையில் பிரித்தெடுத்தால் சாவி வெளிவந்துவிடும். சிப்பைத் தொடக்கூட வேண்டியதில்லை. பயிற்சிப் பலகையில் நானே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பலகையின் தரைக் (கிரவுண்டு) கம்பியில் ஒரு சிறிய மின்தடை, அதன் மேல் மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் முனை, பக்கத்தில் ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். வெறும் இரைச்சலாகத் தெரிந்த கோட்டிலிருந்து சாவியின் ஒவ்வொரு பைட்டும் தலைநீட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாதுகாப்பே இல்லாத பயிற்சிச் சிப் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கி அட்டைச் சிப்கள் ஒவ்வொரு மதிப்பையும் தாறுமாறான எண்ணோடு கலந்து இரண்டு பங்காக்கித்தான் கணக்கிடும். தனியாக ஒரு பங்கைக் கேட்டால் அதில் ரகசியம் இருக்காது.

ஒளியாலும் சிப்பைக் குழப்பலாம். 2002-இல் செர்கே ஸ்கோரோபோகடோவும் ராஸ் ஆண்டர்சனும் முப்பது டாலருக்கு வாங்கிய பழைய கேமரா பிளாஷை நுண்ணோக்கியில் பொருத்தி, திறந்த சிப்பின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டை (ஒரு பூஜ்ஜியத்தையோ ஒன்றையோ) தாங்கள் விரும்பியபடி மாற்றிக் காட்டினார்கள். இன்றைய அட்டைச் சிப்களில் ஒளி, மின்னழுத்தம், வேகம், வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் உணரிகள் இருப்பதற்கும், சில சிப்கள் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டு ஒப்பிடுவதற்கும் இத்தகைய சோதனைகளே காரணம்.

நேராகவே உள்ளே புகும் வழியும் இருக்கிறது. புகையும் நைட்ரிக் அமிலம் சிப்பைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பிசினைக் கரைத்துவிடும். அதன் பிறகு நுண்ணோக்கியின் கீழே ஊசியை இறக்கி உள்கம்பிகளைத் தொடலாம். காலியம் அயனிக் கற்றையால் கம்பியை அறுக்கலாம், புதுக் கம்பிகூடப் போடலாம். அதனால் சிப்பின் உச்சி அடுக்கிலும் அதே சிக்குக் கோலத்தை, இன்னும் பல மடங்கு நுணுக்கமாகப் போட்டுவைக்கிறார்கள். தாக்குபவர்களும் சும்மா இருப்பதில்லை. கோலம் மேலே மட்டும்தானே என்று சிப்பைக் கவிழ்த்து, முதுகுப் பக்கச் சிலிக்கானைத் தேய்த்து மெலிதாக்கி அங்கிருந்து நுழைகிறார்கள். 2010-இல் கிறிஸ்டோபர் டார்னோவ்ஸ்கி, கணினிகளில் பொருத்தப்படும் பாதுகாப்புச் சிப் ஒன்றை இத்தகைய கருவிகளோடு பல மாதங்கள் உழைத்துத் திறந்து, பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாநாட்டில் விளக்கினார். 2024-இல் பிரான்ஸ் ஆய்வாளர் ஒருவர், உயர்நிலைச் சான்றிதழ்கள் பெற்ற சிப்களில் பதினான்கு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு குறையை வெளிக்கொண்டுவந்தார். கணக்கிடும்போது சிப்பிலிருந்து கசியும் மின்காந்த அலையைக் கேட்டே ரகசியச் சாவியை எடுத்துவிட்டார்.

எனவே யாராலும் உடைக்க முடியாதா என்றால், முடியும் என்பதே என் பதில். நேரமும் கருவியும் கைத்திறனும் உள்ள ஒருவரிடம் ஒரு சிப் சிக்கினால் அது என்றாவது தோற்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வடிவமைக்கிறோம். தோற்ற பிறகு அவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் முழுக் கவனமும். உங்கள் அட்டையின் சாவி உங்கள் அட்டைக்கு மட்டுமானது. மாதக்கணக்கில் உழைத்து அதை எடுத்தவருக்கு உங்கள் ஒரு கணக்குதான் கிடைக்கும். அதற்குள் நீங்கள் அட்டையை முடக்கியிருப்பீர்கள். கார்டு இயந்திரத்திலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு புதிய சாவி உருவாகி, பயன்பட்டதும் அழிந்துபோகும் முறை பரவலாக இருக்கிறது. இன்று இயந்திரத்தை உடைத்தாலும் நேற்று தட்டிய பின் எண்களை அதிலிருந்து எடுக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் மூலமான சாவி வங்கியின் கணினி மையத்தில், தனிப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டிகள் துளைப்பதை மட்டுமல்ல, குளிரவைப்பதையும் கவனிக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. உறையும் குளிரில் நினைவகம் மின்சாரம் போன பிறகும் சிறிது நேரம் தகவலை மறக்காமல் வைத்திருக்கும் என்பதே காரணம்.

இதற்கு மாறாகச் செய்தவர்கள் பட்ட பாடும் இருக்கிறது. பல நாடுகளில் பேருந்து, ரயில் பயணத்துக்குப் புழங்கிய ஒரு வகைத் தொடுஅட்டை, தன் மறையாக்கச் சூத்திரத்தை ரகசியமாக வைத்திருப்பதையே காவலாக நம்பியிருந்தது. 2007-இல் கார்ஸ்டன் நோலும் நண்பர்களும் அந்தச் சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, சூத்திரத்தை வாசித்துவிட்டார்கள். சாவியின் நீளம் 48 பிட் மட்டுமே. சூத்திரம் வெளிவந்த பிறகு அந்த அட்டை அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியவை. வங்கிக்கோ இயந்திரம் தந்த நிறுவனத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். பேட்டரிக்காகத் திறந்தோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாவியை மறுபடி ஏற்றித் தர முடியுமா, கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய இயந்திரத்தைக் காயலான் கடையில் போடாமல் ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். புதியது வரும்போது, பெட்டியில் உள்ள வரிசை எண், இயந்திரத்தின் அடியில் உள்ள எண், காகிதத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். 'நாங்கள் நிறுவனத்திலிருந்து வருகிறோம், மாற்றித் தருகிறோம்' என்று சொல்லிக்கொண்டு முன்னறிவிப்பில்லாமல் வருகிறவர்களிடம் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். கெடுத்து வைத்த இயந்திரத்தைக் கடைக்குள் நுழைக்க அதுதான் மிக எளிய வழி. கடை திறக்கும்போது அட்டை நுழையும் வாயை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். நேற்று இல்லாத தடிப்போ துளையோ தென்பட்டால் அன்று அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அந்த அண்ணனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அவர் பேட்டரியை மாற்றிய விதத்தில் பிழை இருந்திருக்க வாய்ப்பில்லை. திருகுகள் கழன்று ஓடு எழும்பிய கணத்திலேயே சாவி போயிருக்கும். அவர் உள்ளே பார்த்தபோது அங்கே காப்பாற்றவோ கெடுக்கவோ எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.